முகப்பருவுக்குப் பூச்சு மருந்தும் உள்மருந்தும்

இளமைப் பருவத்தை எய்திய ஆண், பெண் இருபாலாரில் முகப்பருவை அறியாதவர் மிகச் சிலரே. பெரும்பாலோருக்கு அது சில ஆண்டுகள் இருந்து தானே அடங்கிவிடுகிறது. சிலருக்கோ அது ஆழ்ந்த கட்டிகளாகப் பழுத்து, ஆறிய பின்னும் ஆயுள் முழுதும் மறையாத வடுக்களை விட்டுச் செல்கிறது. "பருவத்தோடு வந்தது பருவத்தோடு போகும்" என்று பெரியோர் ஆறுதல் கூறுவது முதல் வகையினருக்குப் பொருந்தும். இரண்டாம் வகையினருக்குப் பொருந்தாது. இவ்வகைப் பருவுக்குத் தக்க காலத்தில் சிகிச்சை செய்யாவிடில் முகம் மட்டுமன்றி மனமும் நோகும்.

பருவுக்கு இன்று வழங்கப்படும் மருந்துகளுள் தலையாயவை 'ரெடினாயிடு' எனப்படும் இனத்தைச் சேர்ந்தவை. இவை உயிர்ச்சத்து ஏ-யின் வழிவந்தவை, அல்லது அதனைப் போலத் தொழிற்படுபவை. மருந்துக் கடையில் இவை இரு வடிவங்களில் காணப்படுகின்றன. ஒன்று முகத்தில் பூசும் களிம்பு. மற்றொன்று விழுங்கும் குளிகை. இவ்விரண்டும் ஒரே இனத்தவை என்பதை அறிந்தவர்கள், "களிம்பு மெதுவாக வேலை செய்வது, குளிகை விரைவாக வேலை செய்வது, வேறு வேற்றுமை இல்லை" என்று எண்ணிவிடுவதுண்டு. இவ்வெண்ணம் தவறானது, சில வேளைகளில் பெருந்தீங்கு விளைப்பது. ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பரு தோன்றும் விதம்

நம் தோலில் ஒவ்வொரு மயிர்க்காலின் பக்கத்திலும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. முகத்திலும், மார்பிலும், முதுகிலும் இச்சுரப்பிகள் பெரியனவாகவும் நெருக்கமாகவும் அமைந்துள்ளன. பருவம் எய்தும்போது ஆண் தன்மைக்குரிய ஹார்மோன்களின் தூண்டுதலால் இவை மிகுதியான எண்ணெயைச் சுரக்கின்றன. இந்த ஹார்மோன்கள் பெண்களின் உடலிலும் சிறிதளவு உள்ளன.

சுரந்த எண்ணெய் மயிர்த்துளை வழியே தோலின் மேற்பரப்பை அடைய வேண்டும். துளையின் உட்சுவரிலிருந்து உதிரும் செல்கள் தனித்தனியே வெளியேறாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் வழி அடைபடுகிறது. அடைப்பின் மேல்வாய் மூடியிருந்தால் அது வெண்புள்ளியாகத் தோன்றும். திறந்திருந்தால் கரும்புள்ளியாகத் தோன்றும். அந்தக் கருமை அழுக்கன்று. தோலின் நிறப்பொருளும் காற்றுப்பட்ட எண்ணெயுமே அதற்குக் காரணம். ஆகவே அதனைத் தேய்த்துக் கழுவிப் போக்க முயல்வது வீண்.

அடைபட்ட எண்ணெயில், தோலில் இயல்பாகவே வாழும் 'கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ்' என்னும் நுண்கிருமி பெருகுகிறது. பின்னர் அழற்சி உண்டாகிச் செம்பருவும், சீழ்ப்பருவும், கட்டியும் தோன்றுகின்றன. எனவே எண்ணெய்ப் பெருக்கம், துளையடைப்பு, கிருமிப் பெருக்கம், அழற்சி ஆகிய நான்கும் பருவின் காரணங்கள் எனலாம். எந்த மருந்து இவற்றுள் எதனைத் தாக்குகிறது என்பதைக் கொண்டே அதன் பயனை மதிப்பிட வேண்டும்.

உயிர்ச்சத்து ஏ-யிலிருந்து மருந்து

உயிர்ச்சத்து ஏ 1913-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. சுவிட்சர்லாந்து நாட்டின் பால் காரர் 1931-இல் அதன் இரசாயன அமைப்பைத் தெளிவாக்கினார். இச்சத்துக் குறைந்தால் மாலைக்கண் நோய் வரும் என்பதை யாவரும் அறிவர். இலங்கையில் பணியாற்றிய நிக்கல்ஸ் என்னும் மருத்துவர், ஊட்டக் குறைவுள்ளோரின் தோல் மயிர்க்கால்தோறும் அடைபட்டுத் தேரையின் தோல்போலச் சொரசொரப்பாவதை 1933-இல் விவரித்தார். அக்குறைபாட்டில் வேறு ஊட்டப் பொருள்களுக்கும் பங்கு உண்டென்று பிற்காலத்தில் அறியப்பட்டது. எனினும் மயிர்க்கால் அடைப்புக்கும் உயிர்ச்சத்து ஏ-க்கும் தொடர்பு உண்டு என்ற எண்ணம் மருத்துவர் மனத்தில் வேரூன்றியது.

அவ்வாறாயின் பருவுக்கும் இச்சத்தைக் கொடுத்துப் பார்க்கலாமன்றோ? அமெரிக்க மருத்துவர் ஸ்ட்ராம்ஃபோர்டு 1943-இல் இதனை மிகுந்த அளவில் உட்கொள்ளக் கொடுத்து, பரு தணிவதாக அறிவித்தார். ஆனால் பயன் தரும் அளவும் நஞ்சாகும் அளவும் மிக நெருங்கி நின்றன. உயிர்ச்சத்து ஏ கொழுப்பில் கரைவது. சிறுநீரில் எளிதில் வெளியேறாமல் கல்லீரலில் சேர்ந்துவிடும். தலைவலி, தோல் உரிதல், கல்லீரல் பழுது முதலியன இதனால் உண்டாகும். ஆகவே விஞ்ஞானிகள் இச்சத்தின் வழிப்பொருள்களை ஆராயத் தொடங்கினர். அந்த ஆராய்ச்சி இரு கிளைகளாகப் பிரிந்தது. ஒன்று தோலின் மேலே நின்றது. மற்றொன்று இரத்தத்தின் வழியே சென்றது.

தோலின் மேலே பூசுதல்

முதற்கிளையில் தோன்றியது ட்ரெடினாயின். இது உயிர்ச்சத்து ஏ-யின் அமில வடிவம். ஃபிலடெல்ஃபியா நகரில் கிளிக்மன் என்பவரும் அவருடைய துணைவர்களும் இதனைப் பருவுக்குப் பூசிக் கண்ட பயனை 1969-இல் வெளியிட்டனர். 1971-இல் அமெரிக்காவில் இது மருந்தாக அங்கீகரிக்கப்பட்டது. பின்னர் அடாபலீன், டாசரோடீன், 2019-இல் ட்ரைஃபரோடீன் ஆகியவை வந்தன.

பூச்சு மருந்து துளையின் உட்சுவரில் உள்ள செல்கள் முறையாக வளர்ந்து, ஒட்டாமல் உதிரும்படி செய்கிறது. இதனால் பழைய அடைப்புத் தளர்கிறது. புதிய அடைப்பு உண்டாவதில்லை. அழற்சியையும் ஓரளவு தணிக்கிறது. ஆனால் எண்ணெய்ச் சுரப்பியின் வேலையை இது குறைப்பதில்லை. பூசிய மருந்தில் மிகச் சிறு பகுதியே இரத்தத்தில் கலக்கிறது. உடலில் இயல்பாகவே உள்ள இவ்வினப் பொருள்களின் அளவை ட்ரெடினாயின் களிம்பு குறிப்பிடத்தக்க அளவு உயர்த்துவதில்லை. இதுவே பூச்சு மருந்தின் பெருஞ்சிறப்பு.

இதனைப் பயன்படுத்துவதில் பலர் தோல்வியுறுவது மருந்தின் குறையால் அன்று, முறை தெரியாமையால். முகம் முழுமைக்கும் ஒரு பட்டாணி அளவே போதும். பருவின் மேல் மட்டும் புள்ளி வைப்பது தவறு. புதிய பரு எங்கே தோன்றும் என்பது நமக்குத் தெரியாதாகையால், பரு வரக்கூடிய இடம் முழுதும் மெல்லியதாகப் பூச வேண்டும். இரவில், முகம் கழுவி நன்கு உலர்ந்த பின் பூசுவது நலம். ட்ரெடினாயின் வெளிச்சத்தில் சிதைவது. அடாபலீன் அவ்வளவு எளிதில் சிதைவதில்லை. தொடக்கத்தில் ஒன்றுவிட்டு ஒரு நாள் பூசி, தோல் பழகிய பின் நாள்தோறும் பூசலாம்.

முதற்சில வாரங்களில் எரிச்சலும், சிவப்பும், உரிதலும் உண்டாகும். பரு சற்று மிகுந்ததுபோலவும் தோன்றலாம். இந்நிலையில் மனந்தளர்ந்து நிறுத்திவிடுவோர் பலர். 8 முதல் 12 வாரங்கள் வரை பொறுத்தாலன்றிப் பயன் புலப்படாது. பகலில் வெயில் தடுப்புக் களிம்பு பூசுதல் இன்றியமையாதது.

இரத்தத்தின் வழியே செல்லுதல்

இரண்டாம் கிளையில் தோன்றியது ஐசோட்ரெடினாயின். இதன் அணுக்கள் ட்ரெடினாயினின் அணுக்களே. அவை அமைந்துள்ள கோணம் மட்டும் ஓரிடத்தில் வேறு. அமெரிக்க மருத்துவர் கேரி பெக்கும் அவர் குழுவினரும் வேறெம்மருந்துக்கும் அடங்காத கட்டிப் பருவுடைய 14 பேருக்கு இதனைக் கொடுத்தனர். அவர்களுள் 13 பேருக்குப் பரு முற்றிலும் நீங்கியது. மருந்தை நிறுத்திய பின்னும் நெடுங்காலம் பரு திரும்பவில்லை. 1979-இல் வெளியான இச்செய்தி தோல் மருத்துவ உலகை வியக்கவைத்தது. 1982-இல் அமெரிக்காவில் இம்மருந்து விற்பனைக்கு வந்தது.

இது பருவின் நான்கு காரணங்களையும் தாக்குகிறது. எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருங்கச் செய்து சுரப்பைப் பெரிதும் குறைக்கிறது. எண்ணெய் குறையவே கிருமி வாழ வழியில்லை; அடைப்பும் அழற்சியும் அடங்குகின்றன. வழக்கமான அளவு, உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம் வரை. மொத்தத்தில் கிலோகிராமுக்கு 120 முதல் 150 மில்லிகிராம் சேரும்வரை, ஏறத்தாழ நான்கு முதல் ஆறு மாதங்கள், இது கொடுக்கப்படுகிறது. கொழுப்புள்ள உணவோடு உட்கொண்டால்தான் நன்கு உட்கிரகிக்கப்படும்.

ஆனால் இரத்தத்தில் கலந்த மருந்து முகத்தை மட்டும் தேடிச் செல்வதில்லை. உடலின் எல்லாப் பகுதிகளையும் அடைகிறது. உதடு வெடித்தல் ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டாகும். டில்லியின் வறண்ட குளிர்காலத்தில் இம்மருந்து உட்கொள்வோர் உதட்டுக் களிம்பின்றி இருத்தல் அரிது. கண்ணும் மூக்கும் உலரும். இரத்தத்தில் கொழுப்பு உயரலாம், கல்லீரல் பாதிக்கப்படலாம். ஆகவே இரத்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. டெட்ராசைக்ளின் வகை மருந்துகளோடு சேர்த்து உட்கொண்டால் மண்டையோட்டினுள் அழுத்தம் மிகக்கூடும். உயிர்ச்சத்து ஏ மாத்திரைகளையும் மீன் ஈரல் எண்ணெயையும் உடன் உட்கொள்ளலாகாது. மனச்சோர்வு மாறுபாடுகள் சிலரிடம் கூறப்பட்டுள்ளன. பெருந்தொகையினரை ஆராய்ந்ததில் மருந்தே அதற்குக் காரணம் என்பது உறுதியாகவில்லை. எனினும் வீட்டார் கவனித்திருத்தல் கடமை.

கருவில் உள்ள குழந்தை

இதுகாறும் கூறிய தீங்குகள் பெரும்பாலும் மருந்தை நிறுத்தினால் நீங்குபவை. நீங்காத தீங்கு ஒன்று உண்டு. அது மருந்தை உட்கொண்டவருக்கு அன்று, அவர் வயிற்றில் வளரும் கருவுக்கு.

கரு உருவாகும் தொடக்க வாரங்களில், எந்தச் செல் எந்த உறுப்பாக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் குறிப்புகளுள் ஒன்று உயிர்ச்சத்து ஏ-யின் அமிலமே. ஓரிடத்தில் மிகுதியாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் அது பரவியிருப்பது கொண்டே தலை, முகம், இதயம் ஆகியவற்றின் அமைப்பு ஒழுங்காகிறது. 1933-இல் டெக்சாஸ் மாநிலத்தில் ஹேல் என்பவர், உயிர்ச்சத்து ஏ இல்லாத உணவளித்த பெண்பன்றி கண்களற்ற குட்டிகளை ஈன்றதைக் கண்டார். 1953-இல் கோலன் என்பவர், இதே சத்து மிகையானாலும் எலிக்குட்டிகள் ஊனமுற்றுப் பிறப்பதைக் காட்டினார். குறைவும் கேடு, மிகையும் கேடு என்பது இதனால் விளங்கும்.

ஆகவே ஐசோட்ரெடினாயின் கருவுற்றோர்க்கு ஆகாது என்ற எச்சரிக்கை தொடக்கத்திலேயே தரப்பட்டிருந்தது. ஆயினும் எச்சரிக்கை மட்டும் போதவில்லை. 1985-இல் வெளியான ஓர் ஆய்வு, கருப்பையில் இம்மருந்துக்கு உட்பட்ட 154 கருக்களின் வரலாற்றைத் தொகுத்தது. அவற்றுள் 95 கருக்கள் தாயாரின் விருப்பப்படி கலைக்கப்பட்டன. 12 தாமே கலைந்தன. 26 குழந்தைகள் பெரும் ஊனமின்றிப் பிறந்தன. 21 குழந்தைகள் காது, முகம், இதயம், மூளை முதலியவற்றில் ஊனத்தோடு பிறந்தன. தான் கருவுற்றிருப்பதை ஒரு பெண் அறிவதற்கு முன்னரே இவ்வுறுப்புகள் உருவாகத் தொடங்கிவிடுகின்றன என்பதைக் கருதினால் ஆபத்தின் தன்மை புலப்படும்.

இதனால் கருவுறக் கூடிய வயதினர் இம்மருந்தைத் தொடங்குமுன் பரிசோதனையால் கருவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். தொடங்குமுன் ஒரு மாதமும், உட்கொள்ளும் காலம் முழுதும், நிறுத்திய பின் ஒரு மாதமும் கருத்தடை முறைகளைத் தவறாமல் கையாள வேண்டும். அமெரிக்காவில் இதற்கெனத் தனிப் பதிவுமுறையே 2006 முதல் நடைமுறையில் உள்ளது. மருந்து உடலிலிருந்து சில நாட்களில் வெளியேறிவிடுவதால், ஒரு மாதத்திற்குப் பின் உண்டாகும் கருவுக்கு இதனால் அச்சமில்லை.

ஆடவருக்கும் ஒரு கடமை உண்டு. அவர்கள் உட்கொள்ளும் மருந்து மனைவியின் கருவைத் தாக்குவதாகத் தெரியவில்லை. ஆனால் இம்மருந்தை உட்கொள்ளும் காலத்திலும் பின் ஒரு மாதமும் யாரும் இரத்ததானம் செய்யலாகாது. அவ்விரத்தம் கருவுற்ற ஒரு பெண்ணுக்குச் செலுத்தப்படலாமன்றோ?

டில்லியில் செய்த ஓர் ஆய்வு

தீங்குகளில் பல மருந்தின் அளவைப் பொறுத்தவை. எனவே அளவைக் குறைத்தால் தீங்கும் செலவும் குறையுமா என்று நம் நாட்டு மருத்துவர்களும் ஆராய்ந்துள்ளனர். டில்லியின் தோல் மருத்துவர் கபீர் சர்தானாவும் அவர் குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. நடுத்தரக் கடுமையுள்ள பருவுடைய 300-க்கும் மேற்பட்டோருக்கு, 20 மில்லிகிராம் ஐசோட்ரெடினாயின் ஒன்றுவிட்டு ஒரு நாள் வீதம் ஆறு மாதங்கள் கொடுக்கப்பட்டது. உடன் கிளின்டமைசின் என்னும் கிருமியெதிர்ப்புப் பூச்சும் அளிக்கப்பட்டது. பெரும்பாலோர் நற்பயன் பெற்றனர்.

இதனைப் படிக்கும்போது இரண்டு செய்திகளை நினைவிற் கொள்ள வேண்டும். முதலாவது, உள்மருந்தும் பூச்சும் சேர்த்தே கொடுக்கப்பட்டமையால் பயனில் எது எத்துணைப் பங்கு என்று பிரித்துக் கூற இயலாது. இரண்டாவது, அளவு குறைந்தமையால் உதட்டு வெடிப்பும் உலர்வும் குறையலாம். ஆனால் கருவுக்கு அஞ்ச வேண்டாத அளவு என்று ஒன்று இல்லை. "சிறிய அளவுதானே" என்று கருத்தடையில் தளர்ச்சி காட்டுவது பெரும்பிழை.

சட்டம் வகுத்த எல்லை

நம் நாட்டில் மருந்துகளின் விற்பனை 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் 1945-ஆம் ஆண்டு விதிகளாலும் ஒழுங்கு செய்யப்படுகிறது. அவ்விதிகளின் 'எச்' அட்டவணையில் உள்ள மருந்துகளைப் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டின்றிச் சில்லறையில் விற்கலாகாது. ஐசோட்ரெடினாயின் அவ்வட்டவணையில் இடம்பெற்றுள்ளது. ஆனால் அட்டவணையின் அடியில் நெடுங்காலமாக ஒரு குறிப்பு இருந்துவந்தது. கண், காது, மூக்கு மருந்துகள் நீங்கலாக, வெளியே பூசும் தயாரிப்புகளுக்கு இக்கட்டுப்பாடு பொருந்தாது என்பதே அது. தோல் ஒரு மதில். அதன் வெளியே பூசுவது உள்ளே செல்லாது என்பது அக்குறிப்பின் உட்கருத்து எனலாம்.

இக்கருத்து முழு உண்மையன்று என்பதை ஸ்டீராய்டுக் களிம்புகள் காட்டின. ட்ரெடினாயினைப் பருவுக்குப் பூசிய அதே கிளிக்மன், 1975-இல் மற்றொருவருடன் சேர்ந்து ட்ரெடினாயின், ஹைட்ரோகுவினோன், ஸ்டீராய்டு ஆகிய மூன்றும் கலந்த ஒரு கலவையை வெளியிட்டார். தோலின் கருமையைக் குறைப்பது அதன் நோக்கம். மங்கு முதலிய கருமைகளுக்கு மருத்துவர் மேற்பார்வையில் சில வாரங்கள் பூச வேண்டிய இவ்வகைக் களிம்புகள், நம் நாட்டில் முகம் வெளுக்கும் என்ற ஆசையால் மாதக்கணக்கில் பூசப்பட்டன. ஸ்டீராய்டினால் தோல் மெலிந்தது. இரத்தக் குழாய்கள் வெளித்தோன்றின. பருவைப் போக்கப் பூசியவருக்கே புதிய பரு கிளம்பியது. நிறுத்தினால் முகம் சிவந்து எரிந்தது. எனவே 2018 மார்ச்சு மாதத்தில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளின் பூச்சுகளையும் 'எச்' அட்டவணையின் கட்டுப்பாட்டிற்குள் கொண்டுவந்தது. ஆகவே களிம்பு வாங்குவோர் அதில் கலந்துள்ள எல்லா மருந்துகளின் பெயரையும் படித்துப் பார்த்தல் வேண்டும். ரெடினாயிடு ஒன்றே உள்ள களிம்பும், ஸ்டீராய்டு கலந்த களிம்பும் வெவ்வேறு.

யாருக்கு எது?

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். கரும்புள்ளி, வெண்புள்ளி, சிறு செம்பரு ஆகிய அளவில் நிற்கும் பருவுக்குப் பூச்சு மருந்தே ஏற்றது. வேண்டுமானால் பென்சாயில் பெராக்சைடு போன்ற பிறிதொரு பூச்சை மருத்துவர் உடன் சேர்ப்பார். பரு தணிந்த பின் திரும்பாமல் காப்பதற்கும் ரெடினாயிடுக் களிம்பு உதவும். கட்டிகளாகப் பழுப்பது, வடு விடுவது, பிற மருந்துகளுக்கு அடங்காதது ஆகிய பருவுக்கு உள்மருந்து தேவைப்படும். அத்தகைய பருவுடையவர் அஞ்சிக் காலம் கடத்துவதும் தவறே. ஏனெனில் வடுவை அழிக்கும் களிம்பு ஏதுமில்லை. கருவுற்றவரும், கருவுற விரும்புவோரும் ரெடினாயிடுக் களிம்பையும் தவிர்ப்பதே முறை.

இவ்விரு மருந்துகளும் ஒரே ஏணியின் கீழ்ப்படியும் மேற்படியும் அல்ல. ஒன்று பூசிய இடத்தோடு பெரும்பாலும் நிற்பது, மற்றொன்று உடல் முழுதும் செல்வது, கருவையும் அடைவது. களிம்பு பயன் தரவில்லை என்று தாமே குளிகைக்கு மாறுவதும், விடுதித் தோழி மீதம் வைத்த குளிகைகளை வாங்கி விழுங்குவதும் இவ்வேற்றுமையை அறியாமையால் நிகழ்வன. தோழிக்கு மருத்துவர் செய்த கருப்பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் அக்குளிகைகளோடு கைம்மாறி வருவதில்லை. வீட்டில் மருந்து மீதமிருந்தால் அதனைப் பிறருக்குக் கொடாமல் மருந்துக் கடைக்காரரிடமோ மருத்துவரிடமோ கேட்டு ஒழித்துவிடுதல் வேண்டும். மகனோ மகளோ பருவுக்கு எந்த மருந்தை உட்கொள்கின்றனர் என்பதைப் பெற்றோர் கேட்டறிந்து, உறையின் மேலுள்ள எச்சரிக்கையை ஒரு முறையேனும் உடனிருந்து படித்தல் நலம்.